'விசேஷம் ஏதும் உண்டா?' - கருமுட்டையை எழுப்பும் மணி யார் கையில்?

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும். 'என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?' என்ற கேள்வி தேடிக்கொண்டு வந்துவிடும். திருவிழாக் கூட்டத்தில், நிக்காஹ் விருந்தில், கம்பெனி வேனில் பக்கத்து சீட்டில் என எங்கே போனாலும் அதே கேள்வி. ஒரு வருடம் தாண்டினால் கேள்வியின் தொனி மாறும். இரண்டு வருடம் தாண்டினால் கேள்வியே இருக்காது. 'அவளுக்கு ஏதோ குறை' என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள்.

அந்தக் கேள்வியும் சரி, தீர்ப்பும் சரி, பெரும்பாலும் பெண்ணை நோக்கித்தான் வருகின்றன.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியிலும் நிலைமை இதுதான். வெளியூர்க்காரர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. உள்ளூர்க்காரர்களுக்கு ஆம்பூர் என்றால் ஷூ கம்பெனி. அந்தக் கம்பெனிகளின் தையல் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். காலையில் கம்பெனி வண்டி ஏறி, நாள் முழுக்க வேலை பார்த்து, வீடு திரும்பிச் சமைத்து, அதற்கு நடுவில் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கும் அவர்களே அலைகிறார்கள். அரசமரத்தைச் சுற்றுவதும் அவர்கள்தான், தர்காவில் தாயத்து கட்டிக்கொள்வதும் அவர்கள்தான்.

கணவர்? 'எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று பல வீடுகளில் ஒதுங்கிவிடுகிறார்.

'நல்லாத்தான் இருக்கேன்' என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது என்கிறது அறிவியல். உடல் தெம்பாக இருக்கலாம், விந்தணுக்களின் எண்ணிக்கைகூட சரியாக இருக்கலாம். அப்படியும் கரு உருவாகாமல் போகலாம். காரணம், விந்தணுவின் வேலை கருமுட்டையைப் போய்ச் சேர்வதோடு முடிவதில்லை. உள்ளே போனபின் அது தூங்கும் முட்டையை எழுப்ப வேண்டும்!

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் காத்திருப்பு

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவர் வயதுக்கு வந்தபிறகு உருவாவதில்லை. அவர் தன் அம்மாவின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே அவை உருவாகிவிடுகின்றன. உருவாகி, செல் பிரிதலில் ஒரு கட்டம் வரை வந்து, அங்கேயே நின்றுவிடுகின்றன. முப்பது வயதுப் பெண்ணின் கருமுட்டை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை.

மாதந்தோறும் அவற்றில் பொதுவாக ஒன்று மட்டும் முதிர்ந்து, அந்த முதல் நிறுத்தத்தைத் தாண்டி, சினைப்பையிலிருந்து வெளியே வருகிறது. வந்ததும் மறுபடியும் ஒரு நிறுத்தம். குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் வேலை இன்னும் முடிந்திருக்காது. எல்லாம் நடுவில் வரிசை கட்டி நிற்க, முட்டை அப்படியே உறைந்துவிடுகிறது. இந்த இரண்டாவது காத்திருப்புக்குக் கெடு 12 முதல் 24 மணி நேரம்தான். அதற்குள் யாரும் எழுப்பாவிட்டால் முட்டை அழிந்துவிடும்.

ஒரு ஷூ கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் வெட்டித் தயாராக இருக்கிறது. மெஷினில் நூல் கோத்தாகிவிட்டது. கரன்ட் இருக்கிறது. ஆட்களும் இடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால், ஷிப்ட் மணி அடிக்கவில்லை. மணி அடிக்கும்வரை ஒரு மெஷினும் ஓடாது. கருமுட்டையும் அப்படித்தான். குழந்தையின் முதல் சில நாள்களுக்குத் தேவையான சரக்கெல்லாம் அதற்குள் தயாராக இருக்கிறது. மணி மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும்.

அந்த மணியைத் தூக்கிக்கொண்டு வருவது விந்தணு.

கோடிகளில் தொடங்கி ஒன்றில் முடியும் பயணம்

ஒரு முறை வெளியேறும் விந்தில் பொதுவாகக் கோடிக்கணக்கான விந்தணுக்கள் இருக்கும். கருமுட்டை இருக்கும் கருக்குழாய்வரை போய்ச் சேர்பவை சில நூறுகள் மட்டுமே. 'முதலில் ஓடி வந்தவனே வெற்றியாளன்' என்று நாம் கேட்டிருப்போம். அது முழு உண்மையில்லை. வெளியே வந்த உடனே எந்த விந்தணுவாலும் முட்டைக்குள் நுழைய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து, அங்கே பக்குவப்பட்ட பிறகுதான் அதற்கு அந்தத் தகுதி வருகிறது. 1951-ல் மின் சூயே சாங், காலின் ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். தோலுக்குப் பதனிடுதல் போல விந்தணுவுக்கும் ஒரு பதப்படுத்துதல்!

பக்குவப்பட்ட விந்தணு, முட்டையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையைத் துளைத்து உள்ளே போய், முட்டையின் சவ்வைத் தொடுகிறது. அங்கே பூட்டும் சாவியும்போல இரண்டு புரதங்கள் பொருந்த வேண்டும். விந்தணுவில் இருப்பதன் பெயர் 'இசுமோ'. 2005-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. திருமணத்துக்குப் பெயர்போன ஒரு ஜப்பானியக் கோயிலின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். முட்டையின் மேல் இருக்கும் ஜோடிப் புரதம் 2014-ல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஜூனோ'. ரோமானியர்களின் திருமண தேவதை! இரண்டும் கைகோத்த பிறகு சவ்வுகள் ஒன்றாகக் கலக்கின்றன. விந்தணு உள்ளே வந்துவிட்டது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பலருக்கும் கதை இங்கேயே முடிந்திருக்கும். உண்மையில் முக்கியமான காட்சி இனிமேல்தான்.

கால்சியம் அடிக்கும் மணி

விந்தணுவின் தலைக்குள் 'பி.எல்.சி ஸீட்டா' என்றொரு புரதம் இருக்கிறது. விந்தணு முட்டையோடு கலந்ததும் இந்தப் புரதம் முட்டைக்குள் கசிகிறது. அது முட்டையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவகைக் கொழுப்பு மூலக்கூற்றை வெட்டி, 'ஐ.பி.3' என்ற சின்னத் தூதுவனை உருவாக்குகிறது. அந்தத் தூதுவன் போய், முட்டைக்குள் கால்சியம் சேமித்து வைத்திருக்கும் கிடங்கின் கதவைத் திறக்கிறான்.

கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. பிறகு வடிகிறது. சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் பாய்கிறது. இப்படி அலை அலையாகப் பல மணி நேரம். ஒருமுறை அடித்துவிட்டு ஓயும் மணியில்லை இது, விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருக்கும் மணி.

இந்த அலைகள் முட்டைக்குள் என்னவெல்லாம் செய்கின்றன?

முதலில், கதவை அடைக்கின்றன. முட்டையின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பைகள் வெடித்து, அவற்றிலிருந்து வரும் நொதி வெளி உறையை மாற்றிவிடுகிறது. இனி இன்னொரு விந்தணு உள்ளே வர முடியாது. இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் குரோமோசோம் கணக்கு தப்பி, கரு பிழைக்காது என்பதால் இந்த ஏற்பாடு.

இரண்டாவது, முட்டையை நிறுத்தி வைத்திருந்த 'பிரேக்'கை எடுக்கின்றன. பாதியில் நின்ற பிரிதல் முடிந்து, வேண்டாத பாதிக் குரோமோசோம்களை முட்டை ஒரு குட்டிப் பொட்டலமாக வெளியே தள்ளுகிறது. அம்மாவின் 23 குரோமோசோம்கள் ஒரு வட்டமாகவும், அப்பாவின் 23 இன்னொரு வட்டமாகவும் முட்டைக்குள் தெரியும். சோதனைக்குழாய் சிகிச்சை லேப்களில், சுமார் 16 முதல் 18 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் தேடுவது இந்த இரண்டு வட்டங்களைத்தான். இரண்டும் தெரிந்தால், கருத்தரிப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது ஒரு வேடிக்கையும் நடக்கிறது. எழுந்துகொள்ளும் முட்டை, கோடிக்கணக்கான துத்தநாக அயனிகளை வெளியே வீசுகிறது. துத்தநாகத்தைக் கண்டால் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவைத்தால், அது மத்தாப்பு மாதிரி தெரியும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் எலி முட்டையிலும், 2016-ல் மனித முட்டையிலும் இதைப் பதிவு செய்தார்கள்.

மணி அடிப்பது எது என்று தெரிய 2002 வரை ஆனது

முட்டை எழும்போது கால்சியம் அலை வீசுகிறது என்பது 1970-களிலேயே மீன் முட்டைகளில் தெரிந்துவிட்டது. 80-களில் எலி, ஹாம்ஸ்டர் முட்டைகளிலும் பார்த்துவிட்டார்கள். ஆனால், விந்தணு கொண்டுவரும் அந்தப் பொருள் எது?

2002-ல் பிரிட்டனில் டோனி லாய், கார்ல் ஸ்வான் ஆகியோரின் குழு விடையைச் சொன்னது. விந்தணுவையே விடாமல், பி.எல்.சி ஸீட்டாவை உருவாக்கும் மரபுக் குறிப்பை மட்டும் எலியின் முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். உண்மையான கருத்தரிப்பில் வருவது போலவே கால்சியம் அலைகள் வந்தன. முட்டையும் வளரத் தொடங்கியது. ஒரே ஒரு விந்தணுவில் இருக்கும் அளவே அதற்குப் போதும் என்பதும் தெரிந்தது.

அதன் பிறகுதான், காரணம் தெரியாமல் தவித்த சில தம்பதிகளின் ரிப்போர்ட்டுகளுக்கு விளக்கம் கிடைக்க ஆரம்பித்தது.

ரிப்போர்ட் நார்மல்... ஆனாலும் கரு இல்லை!

1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து 'இக்ஸி' என்ற முறை வந்தது. ஒற்றை விந்தணுவை மெல்லிய ஊசியால் எடுத்து, நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவது. நீந்த முடியாத விந்தணுவுக்கும், எண்ணிக்கை குறைந்த ஆண்களுக்கும் அது பெரிய வரப்பிரசாதம். நீச்சல், துளைத்தல், இசுமோ, ஜூனோ என்ற எல்லாக் கட்டத்தையும் ஊசி தாண்டிவிடுகிறது.

ஆனால், மணி அடிப்பதை மட்டும் ஊசியால் தாண்ட முடியாது. விந்தணுவைக் கொண்டுபோய் உள்ளேயே வைத்தாலும் பி.எல்.சி ஸீட்டா இல்லையென்றால் முட்டை எழாது. இக்ஸி சிகிச்சைகளில் சுமார் 1 முதல் 3 சதவிகிதத்தில் ஒரு முட்டைகூட கருத்தரிக்காமல் போகிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, முட்டை எழுப்பப்படாமல் போவது.

2016-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் குழந்தையில்லை. இக்ஸி செய்தும் கரு உருவாகவில்லை. மரபணுவைப் பார்த்தபோது, இருவருக்கும் பி.எல்.சி ஸீட்டாவுக்கான மரபணுவில் ஒரே பழுது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அதே பழுதான பிரதி வந்து சேர்ந்திருந்தது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் நம் ஊர் வழக்கத்தில், இப்படி இரண்டு பிரதியும் ஒன்றாக அமையும் வாய்ப்பு கூடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சில ஆண்களுக்கு விந்தணுவின் தலை கூர்மையின்றி உருண்டையாக இருக்கும். அவர்களின் விந்தணுவிலும் இந்தப் புரதம் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எல்லா நேரமும் பிரச்னை ஆணிடம்தான் என்பதில்லை. மணி சரியாக அடித்தும் எழ முடியாத முட்டைகளும் உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பழுதும் கண்டறியப்பட்டிருக்கிறது. விஷயம் இதுதான்: யாரிடம் என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீடு சொல்லக் கூடாது.

வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, நீந்தும் திறன், வடிவம் ஆகியவற்றைப் பார்க்கும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழ் வரம்பு. ஆனால், அந்த ரிப்போர்ட்டில் 'மணி' பற்றி ஒரு வரிகூட இருக்காது. எல்லாம் நார்மல் என்று கையெழுத்தான ரிப்போர்ட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கலாம். அந்த ஒரு காகிதத்தைக் காட்டி 'குறை உன்கிட்டதான்' என்று மனைவியைச் சொல்ல அறிவியல் அனுமதிப்பதில்லை.

வேலூரிலிருந்து ஒரு பதில்

முட்டை எழவில்லையென்றால் செயற்கையாக எழுப்பலாமா? எழுப்பலாம். இக்ஸி செய்த பிறகு, கால்சியத்தை உள்ளே கொண்டுவரும் 'அயனோஃபோர்' என்ற மருந்துக் கரைசலில் முட்டையைச் சில நிமிடங்கள் வைப்பார்கள். இந்த முறையில் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் வேலூருக்கும் பங்கு உண்டு. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாத காலத்தில், ஐடா ஸ்கடர் 1902-ல் 40 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அதன் இனப்பெருக்க மருத்துவத் துறையைச் சேர்ந்த மருத்துவர் மோகன் காமத் முதல் ஆசிரியராக இருந்த ஒரு மதிப்பாய்வு 2024-ல் வெளியானது. மருத்துவ உலகம் பெரிதும் மதிக்கும் 'கோக்ரேன்' மதிப்பாய்வு அது. இந்தச் செயற்கை எழுப்பல் குறித்து உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்லும் அளவுக்குச் சான்றுகள் வலுவாக இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2023-ல் ஏறத்தாழ இதையே சொன்னது. முந்தைய சிகிச்சையில் ஒரு முட்டைகூட கருத்தரிக்காதவர்கள், 30 சதவிகிதத்துக்கும் குறைவாகக் கருத்தரித்தவர்கள், உருண்டைத் தலை விந்தணு உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் இதைச் செய்யலாம், மற்றவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பது அதன் பரிந்துரை.

நகை அடகு வைத்து, சீட்டு எடுத்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி. 'இதையும் சேர்த்துக்கங்க, சக்சஸ் ஆகும்' என்று கூடுதல் கட்டணத்தோடு யாராவது சொன்னால், 'எங்களுக்கு இது ஏன் தேவை?' என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தோல் பகுதி ஆண்கள் கவனிக்க வேண்டியது

மணி ஒரு பக்கம் இருக்கட்டும். மணியைத் தூக்கிவரும் விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாக இருக்க வேண்டுமே!

தோல் பதனிட இங்கே பெருமளவில் பயன்படுவது குரோமியம் உப்பு. பதனிடும் உப்பில் இருப்பது குரோமியத்தின் மூன்றாம் வகை. அதைவிடப் பல மடங்கு நச்சானது ஆறாம் வகை. ராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைப் பாழாக்கியது இந்த ஆறாம் வகையால்தான். 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இந்த ஆறாம் வகை விந்தணுவை என்ன செய்கிறது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் அருள்தாஸ் குழுவினர் நாட்டுக் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். குடிநீரில் இந்தக் குரோமியத்தைக் கலந்து ஆறு மாதம் கொடுத்தபோது, விந்தணுக்களின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைந்தன. விந்தகத்தின் திசுக்களிலும் மாற்றங்கள் தெரிந்தன. முடிவுகள் 2005, 2006-ம் ஆண்டுகளில் சர்வதேச ஆய்விதழ்களில் வெளியாயின.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. குரோமியத்தை நிறுத்தி, நல்ல தண்ணீர் கொடுத்த ஆறு மாதத்தில் விந்தணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பின!

குரங்குக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், டேனரியில் டிரம் பக்கம் வேலை பார்ப்பவர் கையுறை, மாஸ்க் போடுவதும், வேலை உடையோடு வீட்டுக்கு வராமல் இருப்பதும், சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் தோல் நோய்க்கும் நுரையீரலுக்கும் மட்டுமான எச்சரிக்கைகள் இல்லை என்பது புரியும். குழந்தைக்காக மருத்துவரைப் பார்க்கும்போது, 'நான் டேனரியில் இந்த செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன்' என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. இன்று பீடியை, ஹான்ஸை விட்டால் அதன் பலன் அடுத்த வாரம் ரிப்போர்ட்டில் தெரியாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எப்போது, யார் போக வேண்டும்?

* கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்கலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

* முதல் பரிசோதனைகளில் விந்துப் பரிசோதனையும் இருக்கட்டும். ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. 2 முதல் 7 நாள்கள் உறவு இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். முதல் ரிப்போர்ட் சரியில்லையென்றால் பதற வேண்டாம். இடைவெளி விட்டு மறுபடியும் எடுப்பார்கள்.

* இக்ஸி செய்து தோல்வியடைந்தால், 'எத்தனை முட்டை எடுத்தீர்கள், அதில் எத்தனை கருத்தரித்தது?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை எழவே இல்லையா, எழுந்து கருவான பிறகு கர்ப்பப்பையில் ஒட்டவில்லையா என்பது இரண்டு வேறு பிரச்னைகள். அடுத்த மருத்துவருக்கு அந்த எண்கள்தான் வழிகாட்டி.

* 2021-ம் ஆண்டுச் சட்டப்படி செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு அறிக்கை. ஒரு ஷூ கம்பெனி வேனில் முப்பது பேர் இருந்தால், அதில் ஐந்து பேருக்கு இந்த வலி தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் வாங்கும் நாளன்றே, மருமகளோடு மகனையும் சேர்த்து அனுப்பி வைப்பதுதான்.